ஊசி போட்ட கன்னமும் அக்காவின் வேண்டுதலும்

கழுத்துக்குக் கீழே எனக்கு ஒரு குறையும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது அசிங்கம்தான். ஆனால் தொண்ணூறுகளில் ஆவடி குவார்ட்டர்ஸில் இதைச் சொல்ல வேறு ஆள் கிடைக்காததால் அப்போதும் நானேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மைதானத்துக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் பெயிண்ட் டப்பாவைச் செருகி, உள்ளே கான்கிரீட் ஊற்றிக் காயவிட்டால் அதுதான் எங்கள் எடை. பஸ்கி, தண்டால், அந்தக் குழாய், கடைசியில் சுவரோரம் ஒரு சிரசாசனம். தொழிற்சாலைச் சங்கு ஊதுவதற்குள் இத்தனையும் முடித்துவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போவேன். கொட்டகையில் இருந்த ஒரே கண்ணாடியை ஆணியடித்து மாட்டியவனும் நான்தான். எதிரே நின்றால் தோளும் மார்பும் முழுசாகத் தெரியும். கழுத்தோடு கண்ணாடி முடிந்துவிடும். ஆணி கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷங்களில் வந்த பருக்கள், போகும்போது ஆளுக்கொரு குழி வெட்டிவிட்டுப் போயிருந்தன. இரண்டு கன்னமும் புதிதாகக் கொத்தின அம்மி. கொட்டகையில் எனக்குப் பெயரே அம்மிதான். வைத்தவன் ஆவடியை ஒட்டிய கோவில்பதாகை ஊர்க்காரனான என் சிநேகிதன். அவர்கள் குடும்பத்துக்கு அங்கே வழிவழியாக வந்த நிலம். அதில் பாதி மனைகளாகிப் போக, மீதியில் அண்ணன் நெல் போட, இவன் டிராக்டரில் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தான். காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னா அம்மி, இன்னிக்குத் தேங்கா அரைக்கிறியா, மொளகா அரைக்கிறியா?" என்பான். கொட்டகையே சிரிக்கும். எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பவன் நான். நம்மை நாமே முதலில் கிண்டல் செய்துவிட்டால் அடுத்தவனுக்கு மிச்சம் இருக்காது என்பது என் கொள்கை.

அந்தக் கொள்கை ஒரு தரகர் வாயால் உடைந்தது. பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெண் வீட்டுக்கு என் போட்டோ போயிருந்தது. தரகர் திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலே, "ஆளு ஜம்முனு இருக்காரு, வேலையும் சர்க்கார் வேலை. பொண்ணுதான் போட்டோவப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம உள்ள போயிடுச்சு" என்றார். எனக்கு எந்தக் கிண்டலும் வரவில்லை. அக்காதான், "அந்தப் பொண்ணுக்குக் குடுத்து வைக்கல" என்று சொல்லி அவருக்குக் காபி போடப் போனாள்.

அக்கா வீட்டில்தான் இருந்தேன். அப்பாவும் அம்மாவும் மதுரைப் பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டார்கள். மாமாவும் நானும் ஒரே தொழிற்சாலை, வேறு வேறு பட்டறை. மாமாவைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் எலும்பைத் தட்டில் தட்டி மஜ்ஜையை எடுக்கும் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். அக்காவைப் பற்றியும் ஒன்றுதான்: முடி. இடுப்பைத் தாண்டி இறங்கும் முடி. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் விரித்துப் போட்டு உட்கார்ந்தால் கீழே போகிறவர்கள் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அவளுக்கென்று இருந்த ஒரே கர்வம் அது. அதைக்கூட வாய் திறந்து சொல்லமாட்டாள். சீப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவாள், அவ்வளவுதான்.

அடுத்து குமணன்சாவடியில் ஒரு இடம் வந்தது. சித்திரையில் பெண் பார்க்க வரச் சொன்னார்கள். இந்த முறை போட்டோ வேண்டாம், நேரிலேயே வருகிறோம் என்று சொல்லச் சொன்னவன் நான். சொன்ன கையோடு நுங்கம்பாக்கத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். கன்னக் குழிக்கு வெளிநாட்டு ஊசி வந்திருப்பதாக ஒரு வாரப் பத்திரிகையின் கேள்வி பதிலில் படித்திருந்தேன். கேள்வி கேட்டவர் ஒரு பெண்மணி. பதில் எனக்கு.

டாக்டர் சிரிக்காத மனிதர். மாட்டுத் தோலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த மருந்து, குழிக்கு அடியில் போட்டால் குழி மேலே எழும்பும், சில மாதத்தில் உடம்பே அதைக் கரைத்துவிடும் என்றார். எழும்பும் என்பது வரைக்கும் என் காதில் விழுந்தது. முன்கையில் ஒரு சொட்டு போட்டு, உடம்பு ஏற்கிறதா என்று ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பங்குனி வெயிலில் ஒரு நாள் இரண்டு கன்னத்திலும் வரிசையாகப் போட்டார். போனஸ் மொத்தமும் கன்னத்துக்குள் போயிற்று. முடிந்ததும் என் தோளைப் பார்த்தார்.

"எக்சர்சைஸ் பண்ற உடம்பா?"

அன்றைக்கு வரை அப்படி ஒரு கேள்வியை யாரும் தானாகக் கேட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அப்ப உனக்குத்தான் இதைச் சொல்லணும். ரெண்டு மூணு நாளைக்கு ஓட்டம், எடை எதுவும் கிடையாது. ரத்தம் முகத்துக்கு ஏறினா வீங்கும். வெயில் வேண்டாம், வெந்நீர் ஆவி வேண்டாம், குனிஞ்சு எதையும் தூக்காதே. கன்னத்தை அமுக்காதே, தேய்க்காதே, குப்புறப் படுக்காதே. வீக்கமும் சிவப்பும் முழுசாப் போன பிறகு முதல்ல வெறும் நடை. அதுல ஒண்ணும் ஆகலைன்னா லேசான எடை. தலைகீழா நிக்கிறதெல்லாம் கடைசியில, அதுவும் என்னைக் கேட்டுட்டு."

"நான் தலைகீழா நிப்பேன்னு எப்படித் தெரியும் சார்?"

"இங்க வர்றவங்க எல்லாரும் தலைகீழாத்தான் நிக்கிறீங்க" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். வீட்டில் சொல்வதற்கு ஒரு குளவியைத் தயார் செய்துவைத்திருந்தேன். மரத்தடியில் நின்றேன், கொட்டிவிட்டது. ஒரே குளவி எப்படி இரண்டு கன்னத்திலும் வரிசை பிடித்துக் கொட்டியது என்பதற்கு அம்பத்தூர் தாண்டும்போது இரண்டு குளவியாக்கினேன்.

குளவிக்கு வேலையே வரவில்லை. அக்கா கதவைத் திறந்தாள். என் கன்னத்தில் சிவந்து மேடு தட்டியிருந்த புள்ளிகளைப் பார்த்தாள். அடுத்த பிளாக்கில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு அம்மை வார்த்திருந்தது. அக்கா பின்னால் நகர்ந்து, இரண்டு கையாலும் தன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா! வந்துட்டியா தாயே!" என்றாள்.

யார் வந்திருக்கிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தேன். அதற்குள் மூளை வேலை செய்துவிட்டது. அம்மை என்றால் யாரும் வீட்டுக்குள் வரமாட்டார்கள். யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். தொழிற்சாலையில் லீவு. கொட்டகையில் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டார்கள். டாக்டர் சொன்ன ஓய்வு அத்தனையும், ஒரு பொய்கூடச் சொல்லாமல், தாம்பாளத்தில் வைத்துக் கிடைக்கிறது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. எனக்குக் கூடத்தில் துவைத்த வேட்டி விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி, படுக்கை. இளநீர், மோர், கேழ்வரகுக் கூழ். அடுப்படியில் தாளிப்பு நின்றது. கவுச்சி நின்றது. மாமா சாயங்காலம் வந்து வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளைக்கு?" என்றார். என் உடம்பைப் பற்றித்தான் கேட்கிறார் என்று அக்கா நினைத்தாள்.

"ஆத்தா எறங்கித் தண்ணி ஊத்துற வரைக்கும்" என்றாள். மாமா என்னைப் பார்த்த பார்வையில் நோயாளிக்கான இரக்கம் கொஞ்சமும் இல்லை.

அக்காவுக்கு ஒரே கவலை, எனக்கு அரிக்குமே என்பது. வேப்பிலைக் கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருவாள். "கன்னத்துல லேசாத் தடவி விடட்டுமா தம்பி?"

"வேணாம்க்கா!" அமுக்காதே, தேய்க்காதே. "தொடாம இருந்தா ஆத்தாவுக்குப் பிடிக்குதுக்கா."

"அப்படியா சொல்றா?" என்று அவள் கொத்தைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வீடே எனக்காகப் புலால் மறந்து கிடக்க, என் கன்னத்துக்குள் மட்டும் மாடு உட்கார்ந்திருந்தது. படுத்த இடத்தில் எனக்கு இது நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. சிரித்தால் கன்னம் இழுக்கும் என்று அடக்கினேன். அடக்கியதைப் பார்த்து அக்கா, வலி போலிருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை.

காலையில் கோவில்பதாகைக்காரன் ரோட்டில் நின்றபடி கத்துவான். வீட்டுப் பக்கம் வரமாட்டான்.

"மச்சான்! ஆத்தா எறங்கினாளா?"

ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுவேன்.

"நீ ஒண்ணும் பயப்படாத நைனா! எங்கம்மா நேத்து ஊட்டுல கூழு ஊத்திச்சு உன் பேர் சொல்லி! கொட்டாய்ல ஒன் இரும்புக் கொயாவ எவனும் தொடல!"

என் பெயரைச் சொல்லிக் கோவில்பதாகையில் கூழ். நான் வேப்பிலை மேல் படுத்துக்கொண்டு ஷேவிங் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீக்கம் பாதி வற்றியிருந்தது. குழிகளைக் காணோம். அம்மியைத் திருப்பிப் போட்டதுபோல வழவழவென்று ஒரு கன்னம். யாரோ வேறு ஆளின் கன்னம். அதைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை.

ஆனால் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினால் தோள். கூழும் மோருமாகக் கிடந்து தோள் சரிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. அக்காவின் தையல் டேப்பை எடுத்து புஜத்தைச் சுற்றிப் பார்த்தேன். கழுத்துக்கு மேலே வந்தது கழுத்துக்குக் கீழே போய்விடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. முழு மனுஷனாகக் குமணன்சாவடிக்குப் போகவேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களோடு அம்மன் கோயிலுக்கு எனக்காகக் கூழ் ஊற்றப் போனாள். மாமா, "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வர்றேன்" என்று போனார். வீட்டில் நானும் ஒரு முழு கேஸ் சிலிண்டரும் தனியாக இருந்தோம்.

முதலில் பஸ்கி மட்டும் என்றுதான் ஆரம்பித்தேன். பஸ்கி போட்டதும் உடம்பு, ஏன் நிறுத்திவிட்டாய் என்றது. சிலிண்டரைக் குனிந்து தூக்கித் தோளுக்கு ஏற்றினேன். இறக்கினேன். ஏற்றினேன். வியர்த்துக் கொட்டியது. அத்தனை சுகம். அதோடு விட்டிருந்தால்கூட ஒருவேளை தப்பித்திருப்பேன். கூடத்துச் சுவர் காலியாக இருந்தது. தலையணையைப் போட்டுத் தலைகீழாக நின்றுவிட்டேன். அப்படி நின்று பார்த்தபோது வாசல் வேப்பிலை தரையிலிருந்து மேல்நோக்கி முளைத்திருந்தது. நல்ல காட்சி என்று ரசித்துக்கொண்டிருக்கும்போதே கன்னம் விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது.

காலை இறக்கிக் கண்ணாடிக்கு ஓடினேன். இடது கன்னம் போண்டாவாக எழும்பியிருந்தது. வலது கன்னம், அண்ணன் போன வழியில் போகும் தம்பியைப் போல, பின்னாலேயே எழும்பிக்கொண்டிருந்தது.

தலையோடு துண்டைச் சுற்றிக்கொண்டு குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு வெளியே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அம்மை வார்த்தவன் தெருவில் இறங்கக் கூடாது. துண்டுக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் வெளியே. பூத்துக்கு அடுத்தது ஒரு மெஸ். மட்டன் வாசனை பூத்துக்குள்ளேயே வந்து நின்றது. டாக்டர் தன் வீட்டு நம்பரைச் சீட்டின் பின்னால் எழுதித் தந்திருந்தார். லைன் கொரகொரவென்றது. நான் குசுகுசுத்தது அவருக்குக் கேட்கவில்லை.

"யாரு? சத்தமாப் பேசுங்க!"

"சார், கன்னத்துல ஊசி போட்டீங்களே!"

"என்ன போட்டேன்?"

"ஊசி சார்! குழிக்கு! ரெண்டு கன்னத்துலயும்! வீங்கிடுச்சு!" தொண்டை கிழியக் கத்தினேன்.

கொரகொரப்பு நின்றது. பிறகு டாக்டரின் குரல் தெளிவாக வந்தது. "தலைகீழா நின்னியா?"

"...ஆமா சார்."

"பார்வை மங்குதா? தோல் எங்கயாவது வெளுத்துப் போயிருக்கா? தாங்க முடியாத வலி?"

"அதெல்லாம் இல்ல சார். விண் விண்ணுங்குது. வீக்கம்."

"ஐஸைத் துணியில சுத்தி மேலாப்பல வை. அமுக்காதே. ரெண்டு தலையணை வெச்சுத் தலையை உசத்திப் படு. நான் கேட்டதுல ஒண்ணு வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், எனக்கு போன் பண்ணிட்டு நிக்காதே. நாளைக்கு வத்தலைன்னா நேர்ல வா. வத்தினாலும் இனிமே முதல்லேர்ந்து. நடை மட்டும். புரியுதா?"

புரிந்தது. போனை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். வெளியே மாமா நின்றுகொண்டிருந்தார். மெஸ் வாசலிலிருந்து நேராக வந்திருக்கிறார். வாய் மெல்வதைப் பாதியில் நிறுத்தியிருந்தது. கையில் எலும்பு.

"மாப்ள," என்றார் மெதுவாக, "யாருக்குக் கன்னத்துல ஊசி?"

"மாமா, உங்க கையில என்ன?"

அவர் கையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"குவார்ட்டர்ஸ் எல்லைக்கு வெளியதான் திங்கிறேன்" என்றார். "அப்ப அம்மை?"

"இல்ல மாமா."

"ஒரு வாரமா நான் கூழு குடிக்கிறேனேடா பாவி!"

அடிப்பார் என்று நினைத்தேன். எலும்பை வீசிவிட்டு, கூல் டிரிங்ஸ் கடையில் ஐஸ் கேட்டுத் தன் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார். நடந்து வரும்போது ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. எலும்பைப் பற்றி நான் பேசுவதில்லை, ஊசியைப் பற்றி அவர் பேசுவதில்லை.

வீட்டில் அக்கா எங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தாள். காலிப் படுக்கையைப் பார்த்துப் பதறி நின்றவள், துண்டு விலகிய என் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த கூழ்ப் பாத்திரம் தரையில் விழுந்தது. நான் எங்கே போயிருந்தேன் என்றுகூடக் கேட்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் போய்த் தடாலென்று விழுந்தாள்.

"நான்தான் தாயே! நான்தான்! இந்த மனுஷன் ரெண்டு நாளா சோத்தத் தொடலையேன்னு நேத்து நாலு வடகம் பொரிச்சேன். தாளிச்ச வாடை உனக்கு ஆகாதுன்னு தெரிஞ்சே பொரிச்சேன். அதுக்கு அவன் மூஞ்சியிலயா காட்டுவ? என்னைக் கேளு தாயே!"

மாமா உதட்டில் ஒட்டியிருந்த மசாலாவைத் துடைத்துக்கொண்டார்.

"என் தலைமுடியத் தர்றேன். முழுசாத் தர்றேன். என் தம்பி மொகத்த மொகமாக் குடுத்துடு."

ஐஸ் உருகி என் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா என் விலாவில் இடித்தார்.

"சொல்லுடா."

"நீங்க சொல்லுங்க மாமா."

"எதை? எலும்பையா? அவ முடிய எடுத்துடுவாடா. அவ சொன்னா செய்யற ஆளு."

தெரியும். முகம் வற்றிய மறுநாளே கோயில் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவாள். என் கன்னத்துக்காக அந்த முடி. வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் அசடு வழிந்திருக்கிறேன். அதையெல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த நிமிஷத்தைச் சிரிப்பாக்க இத்தனை வருஷத்தில் எனக்கு வழி தெரியவில்லை.

"அக்கா, எந்திரி. அம்மை இல்ல."

சொன்னேன். நுங்கம்பாக்கம், ஊசி, சிலிண்டர், சுவர் எல்லாம். குளவியைக்கூட விடவில்லை. அவள் எழுந்து என் அருகே வந்து முகத்தை ஒரு புதுப் பாத்திரத்தைப் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"இத்தனை எடத்துலயா குத்துனாங்க?" என்றாள். "வலிச்சுச்சா?"

தலையை ஆட்டினேன்.

"எங்கிட்ட சொல்லிருந்தா வெறும் மோரக் குடுத்துப் பட்டினி போட்டிருப்பேனாடா?" அதற்குள் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவள் சட்டென்று திரும்பினாள். "நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க? உங்க மேல என்ன வாடை?"

ஒப்பந்தத்தை நான் மீறவில்லை. வாடை மீறிவிட்டது.

மறுநாள் காலையில் வீக்கம் நன்றாக வற்றிவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ம், குடுத்துட்டா" என்றாள். கோயிலில் முடி கொடுக்கப் பின்னலை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"அக்கா, அது அம்மையே இல்லையேக்கா!"

"அம்மைக்கா வேண்டினேன்? உன் மொகத்துக்குல்ல வேண்டினேன். கேட்டேன், குடுத்துட்டா. இப்ப, அது ஊசி, நாங்க ஏமாந்துட்டோம்னு அவகிட்டப் போயி கணக்குப் பேசுவியா?"

இதற்குப் பதில் பூசாரியிடம் இருந்தது. மாமா சைக்கிளில் போய்க் கேட்டுவந்தார். யாருக்காக வேண்டினதோ அந்த ஆளே முடி கொடுத்தாலும் ஆத்தா ஏற்றுக்கொள்வாள். மாமா அதைச் சொன்ன கையோடு என் தலையையும் பார்த்தார், காலண்டரையும் பார்த்தார். "மாப்ள, குமணன்சாவடிக்கு மொட்டையாவா போவ?"

"போறேன் மாமா" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

கோயில் வாசலில் மொட்டை போடுகிற இடத்தில் நீள வரிசை. அக்கா என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். நாவிதர் தலையில் தண்ணீர் தெளித்தார்.

"தலைய நல்லாக் குனி நைனா."

"ரொம்பக் குனியக் கூடாதுங்க."

"குனியாம பின்னாடி எப்டி செரைக்கிறது? கும்பிடு போட வந்துகினு குனிய மாட்டேன்றியே!" என்று இடது கையை நீட்டி, கட்டைவிரல் ஒரு கன்னத்திலும் மற்ற விரல்கள் மறு கன்னத்திலுமாக என் முகத்தைப் பிடிக்க வந்தார்.

"கன்னத்துல கை வைக்காதேப்பா!" அக்கா போட்ட சத்தத்தில் வரிசை முழுவதும் திரும்பியது.

நாவிதர் கை அந்தரத்தில் நின்றது. "இன்னாம்மா, கன்னம் இன்னா கண்ணாடியா?"

"ஊசி போட்டிருக்குப்பா. அமுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"கன்னத்துல இன்னா ஊசி?" வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏதாவது சொல், பல்வலி என்று சொல், குளவி என்று சொல். அக்காவுக்குக் குளவி தோன்றவில்லை.

"குழி விழுந்த கன்னத்துக்குப் போடற ஊசி. என் தம்பி போட்டுக்கிட்டான். அதுக்கு என்ன இப்ப?"

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. வெட்கப்பட வேண்டியவன் நான் ஒருவன்தான். அவள் பங்கையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன். சொட்டச் சொட்ட நனைந்த தலையோடு, அத்தனை பேர் பார்க்க, ஒரு கிண்டலும் கைவசம் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாவிதர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தாம்மா போட்டுக்கீறாரு" என்றார். பிறகு எழுந்து நின்றார். "சரி, நீ ராஜா மாரி நிமுந்து ஒக்காரு நைனா. நான் சுத்தி வரேன்." காதை மட்டும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, சந்நிதியைச் சுற்றுவதுபோல என்னைச் சுற்றிச் சுற்றிச் சிரைத்தார். முடி மடியில் விழ விழ அக்கா அதைப் பொறுக்கி மஞ்சள் துணியில் சேர்த்தாள். குனியும்போதெல்லாம் அவள் பின்னல் என் முழங்காலில் இடித்தது.

அதன் பிறகு நடை. சாயங்கால வெயில் இறங்கினதும், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, மைதானத்தைச் சுற்றி. அக்கா கூடவே வருவாள், என்னை நம்பாமல். கன்னம் விண்ணென்கிறதா என்று முனைக்கு முனை கேட்பாள். எதிரே வருகிறவர்கள், "என்ன வேண்டுதல்?" என்பார்கள். "தம்பிக்கு" என்பாள். நான் மரங்களைப் பார்ப்பேன்.

கோயில் வரிசையில் கொட்டகை ஆள் ஒருவன் இருந்திருக்கிறான். கோவில்பதாகைக்காரன் டிராக்டரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"இன்னா மாமே, அம்மிக்குத் தார் ரோடு போட்டுக்கினியாமே! எங்கம்மா உனுக்குக் கூழு ஊத்திச்சு, தெரியுமா?"

எப்போதும்போல உரக்கச் சிரிக்க வாயைத் திறந்தேன். வரவில்லை. அவன் என்னை உற்றுப் பார்த்தான். "சரி வுடு, கூழு நாலு புள்ளைங்க குடிச்சிச்சு" என்றான். அடுத்த வாரம் கொட்டகைக்குப் போனபோது டப்பா மாட்டிய என் குழாயை ஒளித்துவிட்டு, வெறும் குழாய் ஒன்றை வைத்திருந்தான். "வெறும் கொயாவத் தூக்கு. மூச்சைப் புடிக்காத. தலகீயா நின்ன, கால ஒடச்சிடுவேன்." வெறும் குழாயை எல்லோர் முன்னாலும் தூக்கி இறக்கினேன். கண்ணாடியில் கழுத்து வரை எல்லாம் சரியாக இருந்தது.

குமணன்சாவடியில் யாரும் என் கன்னத்தைப் பார்க்கவே இல்லை. அத்தனை கண்ணும் மண்டையில். பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "வேண்டுதல்" என்றாள். அவர்கள் நல்லவர்கள். முடி வளர்ந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றார்கள்.

முடி வளர்ந்தது. சீவுகிற அளவுக்கு வளர்வதற்கும், டாக்டர் சொன்னதில் என் காதில் விழாத பாதி நடந்தேறுவதற்கும் சரியாக இருந்தது. குழிகள் ஒன்றுவிடாமல் பழைய விலாசத்துக்கே திரும்பியிருந்தன. அக்காவோடு அம்பத்தூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். போட்டோக்காரர் விளக்கைச் சரிசெய்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கன்னத்துல தழும்பெல்லாம் இருக்கே. டச்சப் பண்ணிடட்டா சார்?"

அக்கா அங்கிருந்த கண்ணாடி முன்னால் நின்று கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்துகொண்டிருந்தாள். வாயில் ஹேர்பின். என்னை அவள் பார்க்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவேண்டும் என எனக்குத் தெரியும். ஒரு மைதானத்தை அத்தனை நாள் சுற்றி நடந்தவனுக்கு அதுகூடத் தெரியாதா?

"லேசா..." என்றேன். "ரொம்ப லேசாப் பண்ணுங்க சார்."

ஹேர்பின் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போட்டோவில் நான் காது வரை சிவந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு டச்சப் கிடையாது என்று சொல்லிவிட்டார்.